பதினெட்டுப் புள்ளி மூன்று

மத்தியானம் தோஹாவிலிருந்து பரிதி கேட்டிருந்தான்:
'ஃபிட்ஜெட் பண்ணாதே, ஃபிட்ஜெட் பண்ணாதேங்கிறான் சூப்பர்வைசர்.
அப்படின்னா என்னக்கா?'

கொள்முதல் நிலையத்தில் எனக்கு அது ஐந்தாம் நாள்.
டோக்கன் நாற்பத்தொன்று.
மாசியில் பெய்யக் கூடாத மழை பெய்து,
மூடி, திறந்து, மூடி, தார்ப்பாயின் ஓரம் நாராகிவிட்டது.
உள்ளே நெல் வெந்நீர்ப் பானை போல மூச்சு விடுகிறது.

கைப்பேசியில் அகராதியைத் தட்டினேன்.
அமைதியின்றி அசைதல், என்றது.
ஏதோ ஊர்வலத்தைப் பற்றிக் காவல்துறை சொல்வது போலிருந்தது.

நோண்டுவது என்று எழுதினேன், அழித்தேன்.
நோண்டினால் கையோடு ஏதாவது வர வேண்டும்,
புண்ணிலிருந்து பக்கு,
காதிலிருந்து குறும்பி,
பக்கத்து வீட்டிலிருந்து ஒரு சமாச்சாரம்.
நெளிவது? அது முழு உடம்புக்கு.
கடன் கேட்கப் போனவனுக்குப் பொருந்தும்,
கண்ணாடிக் கதவருகே பன்னிரண்டு மணிநேரம் நிற்பவனுக்குச் சேராது.
துறுதுறுவை
நாலு வயதுக்கு மேல் யாருக்கும் நாம் தருவதில்லை.
கை சும்மா இருக்காதா என்பது அதட்டல்,
அதட்டுகிற கையும் சும்மா இருப்பதில்லை.

நிமிர்ந்து பார்த்தேன்.
பக்கிரிசாமி டோக்கனை நாலாக மடிக்கிறார், எட்டாக மடிக்கிறார்,
பிரித்து எண்ணைப் பார்க்கிறார்.
அதே எண்தான்.
எழுத்தர் பேனா மூடியைக் கழற்றி, மாட்டி, கழற்றி,
அவருக்கு இன்னும் சாக்கு வந்து சேரவில்லை.
லோடுமேன் கொக்கியால் மண்ணில் கோடு கிழிக்கிறான்,
செருப்பால் அழிக்கிறான், அங்கேயே கிழிக்கிறான்.
என் தார்ப்பாய் மேல் ஏறிப் படுத்த நாய் மட்டும்
அரசாங்க வேலையில் இருப்பது போலத் தூங்குகிறது.

ஒன்றும் செய்ய வழியில்லாதபோது
கை தானாகச் செய்துகொள்ளும் வேலை,
என்று எழுதிப் படித்தேன்.
பட்டிமன்றம் மாதிரி இருந்தது. அதையும் அழித்தேன்.

'நாப்பத்தொண்ணு!'

கைரேகைப் பெட்டியில் விரல் வைத்தேன்.
'ஆட்டாதீங்கம்மா.'
ஆட்டவில்லை என்றுதான் நினைத்திருந்தேன்.
ஈரமானியில் ஒரு பிடி நெல்லைக் கொட்டினார்.
பதினெட்டுப் புள்ளி ஒன்று,
பதினெட்டுப் புள்ளி நான்கு,
அதற்கும் ஒரு நிலையில் நிற்க வரவில்லை.
மூன்றில் போய் ஓய்ந்தது.
'பதினேழுக்கு மேல எடுக்க முடியாதும்மா. மேல உத்தரவு.
ரெண்டு வெயில் காட்டிக் கொண்டாங்க.'
வெயிலை எங்கே போய் வாங்குவது என்று கேட்க நினைத்தேன்.
லாரிக்காரன் ஹாரனை ஒருமுறை அமுக்கினான்,
சும்மாதான், எதிரில் யாருமில்லை.

திரும்பி வந்து உட்கார்ந்து பரிதிக்கு எழுதினேன்:
அந்த ஆள் சொல்லும்போது நீ என்ன செய்துகொண்டிருந்தாய்?
அதைச் செய்து காட்டு.

ஏழு நொடிப் படம் வந்தது.
தலையில்லை. நீலச் சட்டை, பித்தளைப் பொத்தான்,
பின்னால் கண்ணாடி, கண்ணாடிக்குப் பின்னால்
வாசனைத் தைலம் விற்கிற வெளிச்சம்.
தொங்கும் வலது கை.
கட்டைவிரல் ஆள்காட்டி விரல்மேல் எதையோ உருட்டுகிறது,
உருட்டி நிறுத்தி
நகத்தை வைத்து அழுத்துகிறது,
பிளந்த ஒன்றை உதறிவிட்டு
மிச்சத்தை விரல்நுனியில் தேய்த்துப் பார்க்கிறது.
பிறகு முதலிலிருந்து.

விரல்களுக்கு நடுவில் எதுவுமில்லை.
மூன்று தடவை ஓட்டிப் பார்த்தேன்.

குனிந்தால் என் மடியெல்லாம் உமி.
எப்போது உரித்தேன் என்று தெரியவில்லை.
ஒரு அரிசியைப் பல்லில் வைத்தேன்,
நறுக்கென்று உடையாமல் மாவாக நசுங்கியது.

இன்னும் ஈரம் இருக்குடா, என்று அனுப்பினேன்.
ரெண்டு வெயில் காயணும்.

எதுக்கா, என்று கேட்டு அவன் எழுதத் தொடங்குவதும்
நிறுத்துவதும் தொடங்குவதுமாக
மூன்று புள்ளிகள் திரையில் குதித்துக்கொண்டே இருந்தன.